பின்கால் திரும்பாத குட்டி

வெதுருகுப்பம் மாந்தோப்பில் இன்னும் ஒரு மரம்தான் பாக்கி. அதையும் பறித்து முடித்தால் லாரி ஜூஸ் ஃபேக்டரிக்குக் கிளம்பிவிடும்.

ரமணா அலக்கை மரத்துக்குள் நீட்டினார். அது நுனியில் கொக்கியும் வலையும் கட்டிய நீளமான மூங்கில். முதல் மாங்காய் விழுவதற்குள் ஒரு சாம்பல் நிறப் பூனை வந்து விழுந்தது.

விழத் தொடங்கியபோது அதன் முதுகு தரையைப் பார்த்து இருந்தது. தரையைத் தொட்டபோது நான்கு கால்களும் தரையில் இருந்தன. ஒரு தும்மல் போட்டுவிட்டு வேலிப் பக்கம் ஓடிவிட்டது.

ரமணாவின் மகள் பத்மினி ஐந்தாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவோடு தோப்புக்கு வருவாள். வலைக்குத் தப்பி மேலிருந்து விழும் காய் அடிபடாமல் இருக்க, கீழே கோணியை ஏந்திப் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் அவள். மறுபக்கம் அவளுடன் படிக்கும் நிதின்.

"பாத்தியா? கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள திரும்பிடுச்சி" என்றான் நிதின்.

"மொதல்ல தலை திரும்புச்சி. அப்பறம் முன்காலு. கடைசியா பின்காலு. ஈரத் துணிய முறுக்கற மாதிரி."

"நீ எப்ப இதெல்லாம் பாத்த?"

"நீ வாயப் பொளந்துகினு நின்னப்ப."

அப்போது மரத்தில் மெல்லிய கத்தல் கேட்டது. உள்ளங்கை அளவுக்கு ஒரு குட்டி. நாய்களுக்குப் பயந்து தாய்ப்பூனை அதைக் கவ்விக்கொண்டு போய் மேலே கிளைப் பிளவில் வைத்திருந்தது. தாய் ஓடியதும் குட்டி மிரண்டுபோய் ஒரு கிளையின் நுனிக்கு நகர்ந்துவிட்டது. விரல் தடிமன்தான் அந்தக் கொம்பு. தரையிலிருந்து இரண்டு ஆள் உயரம்.

ரமணா வலையை அருகில் கொண்டுபோனார். குட்டி இன்னும் பின்னால் போனது. ஏறிப் பிடிக்கலாம் என்றால் கொம்பு தாங்காது.

மேஸ்திரி ரங்கையா செல்போனைக் காதில் வைத்தபடியே வந்தார். லாரி டிரைவர் காலையிலிருந்து அவரை விடுவதாக இல்லை.

"இன்னா ரமணா, மரத்தப் பாத்துகினு நிக்கற?"

"பூனக்குட்டி, மேஸ்திரி."

"பூனதானே. கொம்ப ஆட்டு. நாலு கால்ல வுழுந்து ஓடிடும். தாய் ஓடல?"

காய்களைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்த சென்னம்மாவும் ஆமாம் என்றாள். "ஏழு மாடியில இருந்து வுழுந்தாலும் பூனைக்கு ஒண்ணும் ஆவாது."

"ஆவும்" என்றாள் பத்மினி. "இதுக்கு இன்னும் திரும்பத் தெரியாது மாமா."

"உன்கிட்ட வந்து சொல்லிச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். பத்மினிக்குக் காது சூடானது. ஆனாலும் அவள் நிறுத்தவில்லை.

"வியாழக்கிழமை சாயங்காலம் ஸ்கூல் வுட்டு இங்க வந்தப்ப, மூட்டை மேல இருந்து இது வுழுந்துச்சி. நான் பாத்தேன். தலை மட்டுந்தான் திரும்புச்சி. முதுகுல அடி. ரொம்ப நேரம் எழுந்துக்கவே இல்ல. அது என் இடுப்பு ஒசரந்தான். இது எவ்வளோ ஒசரம் பாரு."

ரங்கையா மேலே பார்த்தார். "ஃபேக்டரி வாசல்ல நாப்பது லாரி நிக்குது பாப்பா. லேட்டாப் போனா டோக்கன் குடுக்க மாட்டான்."

பத்மினி தன் கையிலிருந்த கோணியைப் பார்த்தாள்.

"மாங்காய் அடிபடக் கூடாதுன்னு காலையில இருந்து இதப் புடிச்சிகினு நிக்கறோம். இதுக்கும் புடிச்சா இன்னா?"

ரங்கையா கோணியையும் குட்டியையும் பார்த்தார். செல்போன் மறுபடியும் அடித்தது.

"பத்து நிமிஷம். அதுக்கு மேல கொம்ப ஆட்டிடுவேன்" என்றார்.

பத்மினி இரண்டு கோணிகளைப் பிரித்து ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தாள். சென்னம்மா கூடையை விட்டுவிட்டு வந்தாள். அவள் மகள் சுஷ்மிதாவும் வந்தாள். நான்கு பேர், நான்கு மூலை.

"நல்லா இறுக்கி இழுங்க" என்றான் நிதின். "மாங்காய்க்குத் தொளதொளன்னு புடிக்கலாம். இது உயிரு."

"இறுக்கினா எகிறும்" என்றாள் பத்மினி.

"எகிறாது."

"மொதல்ல ஒரு காயப் போட்டுப் பாப்போம். நைனா, ஒண்ணு அறுத்து வுடு."

கோணியை இறுக்கிப் பிடித்தார்கள். மாங்காய் விழுந்தது, எகிறி நேராக நிதினின் நெற்றியில் மோதியது.

"உயிரு போச்சா?" என்று கேட்டாள் சுஷ்மிதா.

நிதின் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "தொளதொளன்னே புடிக்கலாம்" என்றான்.

"வுழும்போது கையும் கூடவே கீழ போவணும்" என்றாள் பத்மினி. "நைனா, கொம்ப ஆட்டாத. ஆட்டினா எந்தப் பக்கம் வுழும்னு தெரியாது. கொக்கியப் போட்டு மெதுவா கீழ இழு."

ரமணா அப்படியே செய்தார். கொம்பு கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து இறங்கியது. குட்டி நான்கு கால்களாலும் அதைப் பற்றிக்கொண்டது. பின்கால்கள் வழுக்கின. இப்போது முன்கால்களில் தொங்கியது.

"வலப்பக்கம் போங்க. இன்னும். போதும்" என்றாள் பத்மினி.

பிடி விட்டது.

காற்றில் குட்டியின் தலை திரும்பியது. முன்கால்கள் திரும்பின. பின்கால்கள் வானத்தைப் பார்த்தபடியே இருந்தன. அதற்குள் கோணி வந்துவிட்டது. நான்கு பேரின் கைகளும் ஒன்றாகக் கீழே போயின.

குட்டி பக்கவாட்டில் கிடந்தது. அசையவில்லை.

ரங்கையா செல்போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டார்.

பத்மினி குனிந்து ஒரு விரலால் அதன் வயிற்றைத் தொட்டாள். குட்டி சீறிக்கொண்டு எழுந்தது. அவளுடைய விரலைக் கடித்துவிட்டு, கோணியின் மடிப்புக்குள் புகுந்து ஒளிந்துகொண்டது.

"கொழுப்பப் பாரு" என்றாள் சென்னம்மா.

"ஏழு மாடின்னு சொன்னியே அக்கா" என்றான் நிதின்.

"யாரோ சொன்னாங்க. நான் இன்னா மாடியில ஏறிப் பாத்தனா?"

மோட்டார் ரூம் மூலையில் ஒரு காலிப் பெட்டியைத் தரையோடு வைத்து, வைக்கோல் போட்டு, குட்டியை அதில் விட்டார்கள். நாய் நுழையாதபடி வாசலில் ரங்கையாவே பலகையைச் சாய்த்தார். பூனை நுழைய மட்டும் இடம் விட்டார். மரத்தைப் பறித்து முடித்து லாரி கிளம்பும்போது, சாம்பல் நிறத் தாய் அந்த இடைவெளிக்குள் தலையை நுழைத்துக்கொண்டிருந்தது. நாற்பது லாரிகளுக்குப் பின்னால் நாற்பத்தொன்றாவதாக நிற்கப்போகிற டிரைவர், வழியெல்லாம் ரங்கையாவைத் திட்டிக்கொண்டே போனார்.

அடுத்த ஞாயிறு நிதின் கேட்டான்: "இப்ப திரும்பத் தெரியுதான்னு ஒரே ஒரு தடவ போட்டுப் பாக்கலாமா?"

"மொதல்ல உன்னப் போட்டுப் பாக்கலாம்" என்றாள் பத்மினி. அவன் அதற்கப்புறம் கேட்கவில்லை.

அதற்கும் அடுத்த ஞாயிறு, மோட்டார் ரூம் சுவர்மேல் ஒரு ஓணானைத் துரத்திய குட்டி கால் தவறி மல்லாக்க விழுந்தது. பத்மினி இரண்டடி ஓடினாள். தேவைப்படவில்லை. தலை திரும்பியது, முன்கால்கள் திரும்பின, பின்கால்களும் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தன.

குட்டி நின்றது. விழுந்தது யாரோ வேறு பூனை என்பதுபோல உட்கார்ந்து வாலை நக்கத் தொடங்கியது.