கொக்கியில் தொங்கிய பெல்ட்

மனித குலத்தின் வரலாறு என்பது, மறைந்து போனதைத் தேடிய வரலாறே அன்றி வேறில்லை. மறைப்பவன் ஒருவன், தேடுபவன் ஒருவன். இருவருக்கும் நடுவே தராசைப் பிடித்து நிற்பது அறிவு. இந்த மாபெரும் உண்மையை உலகுக்கு அறிவித்தவனின் வாயில் அப்போது வெண்ணெய் தடவிய ரொட்டி இருந்தது. கேட்டுக்கொண்டிருந்தது ஓட்டல் குளியலறைக் கண்ணாடி மட்டுமே.

அவனை வீட்டில் எல்லோரும் தொரை என்றுதான் கூப்பிடுவார்கள். துரைத்தனம் செய்வதைத் தவிர வேறு எந்த வேலையிலும் அவன் நிலைக்காததால் ஒட்டிக்கொண்ட பெயர். அவனுடைய அண்ணி, காப்பீட்டு நிறுவனத்துக்காகத் தீ விபத்துச் சேதங்களை மதிப்பிடுபவர். எரிந்த கிடங்குகளுக்குள் போய்க் கரியை முகர்ந்து பார்த்து, தீ தானாக வந்ததா, வரவழைக்கப்பட்டதா என்று சொல்வது அவர் தொழில். இந்த முறை அப்படி ஒரு சின்னப் பயணம். காரை ஓட்ட ஆள் வேண்டியிருந்தது. தொரைக்கு அண்ணியின் பக்கத்து அறை கிடைத்தது.

அறையா அது! தலையணைகளே ஒரு குடும்பத்துக்குப் போதும். படுத்தபடியே திரைச்சீலையை இழுக்க ஒரு பொத்தான். காகிதம் சுற்றிய குட்டிச் சோப்புகள். எல்லாவற்றுக்கும் மேலாக, குளியலறைக் கொக்கியில் வெள்ளை வெளேரென்று ஒரு குளியல் அங்கி, இடுப்பில் கட்ட அதே துணியில் பெல்ட். நேற்று மாலை அதை மாட்டிய தொரை இன்னும் கழற்றவில்லை. அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோதுதான், தான் துப்பறியப் பிறந்தவன் என்பது அவனுக்கு உறைத்தது.

அந்த நேரம் பார்த்து அண்ணியின் அறைக் கதவை யாரோ தட்டினார்கள். தொரை அங்கியோடே ஓடினான்.

வாசலில் ஓட்டல் மேனேஜர். டை ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது.

"மேடம், போன தடவை லிஃப்ட்ல தொலைஞ்ச வளையலைக் கண்டுபிடிச்சுக் கொடுத்தீங்களே, அந்த தைரியத்துல வந்திருக்கேன். கீழே ஹால்ல ஆடிட்டருங்க மாநாடு. தலைமையுரை ஆற்ற வந்தவரோட பொருள் ஒண்ணு ரூம்லேர்ந்து காணோம். என்ன பொருள்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறார். கடலை அளவு இருக்குமாம், விலை கூடுதலாம், அது இல்லாம மேடை ஏற மாட்டாராம். ரூம் சுத்தம் பண்ற பொண்ணுதான் எடுத்துட்டான்னு ஒரே பிடியா நிக்கிறார். கூட்டம் தொடங்குறதுக்குள்ள கிடைக்கலைன்னா போலீஸாம்."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றார் அண்ணி, தேநீரை வைத்துவிட்டு.

"எடுத்திருக்காது மேடம். ஆனா நான் நினைச்சு என்ன? இந்த வாரம்தான் அதுக்கு வேலை நிரந்தரமாகணும். வாசல்ல போலீஸ் வந்து நின்னாலே முதலாளி விசாரிக்கக்கூட மாட்டார், அனுப்பிடுவார்."

"கடலை அளவா! வைரம், அண்ணி!" என்றான் தொரை.

"வைரம் இல்லாம ஒரு ஆடிட்டரால பேச முடியாதா?"

"அப்போ ரகசியச் சில்லு. எதைப் பத்திப் பேச வந்திருக்கார்?"

"தொழிலில் நேர்மை," என்றார் மேனேஜர்.

துணிகள் அடுக்கும் அறையில், துவைத்த விரிப்புக் குவியலின் மேல் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது, குரல் சிவக்கவில்லை.

"மூணு தடவை தட்டினேன் மேடம். சத்தம் போட்டும் கூப்பிட்டேன். உள்ளே டிவி அலறிட்டிருந்துச்சு, பக்கத்து ரூம்காரங்களே புகார் சொன்னாங்க. அணைக்காமக் கிளம்பிட்டார் போலன்னு திறந்தேன். மனுஷன் அலமாரிக் கண்ணாடி முன்னாடி நின்னு தலை வாரிட்டிருந்தார். துண்டைக் கட்டில்ல வச்சேன். கண்ணாடியில என்னைப் பார்த்ததும் பேயைப் பார்த்த மாதிரி துள்ளினார் பாருங்க! தட்டாம எப்படி வரலாம்னு ஒரே திட்டு. விட்டாப் போதும்னு ஓடி வந்துட்டேன்."

"குளியலறைக்குள்ள போனீங்களா?"

"எங்கே விட்டார்?"

"அப்போ என்ன உடுத்தியிருந்தார்?"

அவள் தொரையைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "இதோ, இந்த சார் மாட்டிட்டு நிக்கிறாரே, இதேதான். அவருக்குக் கொஞ்சம் பொருத்தமா இருந்துச்சு."

தொரை போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தான்.

"அதுக்கப்புறம் அந்த ரூம்லேர்ந்து துணியோ குப்பையோ யாராவது எடுத்தாங்களா?" என்று அண்ணி மேனேஜரைக் கேட்டார்.

"யாரையும் உள்ளே விடலை மேடம். அவரும் நகரலை."

ஆடிட்டர் கோட்டும் டையுமாகத் தயாராக இருந்தார். பூட்டிய பெட்டி ஒன்று கட்டிலோரம் நின்றது. அண்ணியை ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்துத் தானும் எதிரே உட்கார்ந்தார். தொரை அவர் முதுகுப் பக்கம் போய் நின்றான். எதிர்பாராத திசையிலிருந்து கேள்வி வந்தால் குற்றவாளி தடுமாறுவான் என்பது அவன் கொள்கை.

"உங்களுக்கு எதிரிங்க உண்டா?" என்றான் திடீரென்று.

பதில் இல்லை. இன்னும் அழுத்திக் கேட்டான். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்ன தலைக்கனம் என்று தொரைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"குளிக்கும்போது வாஷ்பேசின் பக்கத்துத் தட்டுல வைப்பேன்," என்று அவர் அண்ணியிடம் சொல்லிக்கொண்டிருந்தார், ஒரு அரங்கமே எதிரில் இருப்பது போல. "என் வழக்கம் மாறாது. குளிச்சு, தயாராகி, பெட்டியை அடுக்கிட்டுப் பார்த்தா தட்டு காலி. நடுவுல உள்ளே வந்தது அவ ஒருத்திதான். அதுவும் கதவைத் தட்டாம!"

கட்டிலருகே தொலைபேசி அடித்தது. அவர் பேச்சை நிறுத்தவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. பெரிய மனுஷனுக்குப் போன் எடுக்கவும் ஆள் வேண்டும்போல என்று நொந்துகொண்டு தொரையே எடுத்தான். மாநாட்டுக்காரர்கள், சீக்கிரம் கீழே வரச் சொன்னார்கள்.

"என்ன பொருள்னு சொன்னா தேட வசதியா இருக்கும்," என்றார் அண்ணி.

அவர் அண்ணியின் உதட்டையே பார்த்தார். "ஒரு தனிப்பட்ட கருவி. அதுக்கு மேல கேக்காதீங்க."

"பெட்டியில பார்த்தீங்களா?"

"அது பெட்டிக்குப் போற பொருளே இல்லை!" காலை நகர்த்திப் பெட்டிக்கு முன்னால் வைத்துக்கொண்டார்.

தொரை குளியலறையைச் சல்லடை போட்டுச் சலித்துவிட்டு வந்து அண்ணியின் காதில் கிசுகிசுத்தான். "தடயம்னு ஒரு துரும்புகூட இல்லை அண்ணி. சோப்பு இல்லை, ஷாம்பு இல்லை, சீப்பு இல்லை, தலைக்கு மாட்டுற பிளாஸ்டிக் தொப்பிகூட இல்லை. கொக்கியில வெறும் பெல்ட் தொங்குது, அவ்வளவுதான்."

"ரொம்ப நல்லாப் பார்த்திருக்கே தொரை," என்றார் அண்ணி. அவர் பாராட்டினால் அதில் ஏதோ இருக்கும். என்னவென்று தொரைக்குப் பிடிபடவில்லை.

மேனேஜரையும் அந்தப் பெண்ணையும் அண்ணி உள்ளே அழைத்தார். எல்லோரையும் ஒரே அறையில் கூட்டியாகிவிட்டது. தொரை அண்ணியின் பக்கம் சாய்ந்தான். "மேனேஜர்தான். டை கோணலா இருக்கு, கவனிச்சீங்களா?" என்று முணுமுணுத்தான்.

ஆடிட்டர் ஜன்னல் பக்கம் திரும்பி உரைத்தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். அண்ணி அவருக்குப் பின்னால் போய் நின்று, சாதாரணக் குரலில் சொன்னார்:

"சார், உங்க பெட்டியில தீப்பிடிச்சிருக்கு."

மேனேஜர் துள்ளிக் குதித்தார். அந்தப் பெண் பூச்சாடியைத் தண்ணீரோடு தூக்கிவிட்டாள். தொரை கதவை நோக்கி ஓரடி வைத்தான், யாரையாவது காப்பாற்றத்தான். ஆடிட்டர் விரலை நாக்கில் தொட்டு அடுத்த தாளைத் திருப்பினார்.

"நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளியே இருங்க," என்றார் அண்ணி. கதவு சாத்தியதும் ஆடிட்டருக்கு முன்னால் போய், முகம் தெரிய நின்று, நிதானமாகக் கேட்டார். "காது மெஷின்தானே சார்?"

அத்தனை நேரம் நிமிர்ந்திருந்த கோட்டு கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தது.

"அந்தப் பொண்ணு தட்டினாங்க, கூப்பிட்டாங்க. உங்களுக்குக் கேக்கலை. டிவியை அலறவிட்டிருந்ததும் அதனாலதான். அப்படின்னா, அவங்க வர்றதுக்கு முன்னாடியே மெஷின் காதுல இல்லை. தட்டுல வைக்கிறதுதான் உங்க வழக்கம். ஆனா தட்டுல இருந்த சோப்பு, சீப்பு எல்லாத்தையும் இன்னிக்கு வாரிட்டீங்க. வாருறப்போ கையில இருந்த மெஷினை எங்கே போட்டிருப்பீங்க? மாட்டியிருந்த அங்கியோட பாக்கெட்ல. அவங்க பார்த்தப்போ அந்த அங்கி உங்க உடம்புல இருந்துச்சு. அப்புறம் யாரும் இங்கேர்ந்து துணி எடுக்கலை. இப்போ கொக்கியில பெல்ட் மட்டும் இருக்கு. அங்கி தானா எழுந்து நடந்திருக்காது சார்."

எல்லாம் தொரையும் பார்த்தது, கேட்டதுதான்.

பெட்டி திறந்தது. சோப்பும் சீப்பும் தொப்பியும் ஒரு மூலையில். அடியில் அழகாக மடித்த அங்கி. பாக்கெட்டில் கைவிட்டவரின் விரல்களுக்கிடையே தோல் நிறத்தில் ஒரு கடலை.

"வீட்டுல என் மனைவியால ரொம்ப நாளா நடமாட முடியலைம்மா," என்றார். குரல் அரங்கத்தை விட்டு இறங்கி அறைக்குள் வந்திருந்தது. "எங்கே போயிட்டு வந்தாலும், ஓட்டல் எப்படி இருந்துச்சுன்னுதான் முதல்ல கேப்பா. சோப்பைக் கொடுத்தா மோந்து பார்ப்பா. பெரிய பேச்சாளர்னு மரியாதை பண்ணிக் கொடுத்தாங்கன்னு சொல்லுவேன். இந்தத் தடவை, இதைப் போட்டு உட்கார வச்சா எப்படி இருப்பான்னு தோணிடுச்சு."

"மெஷின் மாட்டுறதை ஏன் சார் மறைச்சீங்க?" என்றார் அண்ணி.

"தெரிஞ்சா சங்கத்துல அடுத்த தடவை வேற ஆளைக் கூப்பிட்டுருவாங்க. அப்புறம் எனக்கு ஏது ஓட்டல், அவளுக்கு ஏது சோப்பு?"

அண்ணி அங்கியை எடுத்துக் கட்டிலில் வைத்தார். "சோப்பு உங்களுக்குன்னு வச்சதுதான், கொண்டு போங்க. அங்கி கொக்கிக்குப் போகட்டும். ஆனா அந்தப் பொண்ணுகிட்ட நீங்க வாய் திறந்து மன்னிப்புக் கேக்கணும், மேனேஜர் முன்னாடி. கதவைத் தட்டினாங்கன்னும் சொல்லணும்."

"தட்டினது கேக்கலைன்னா, ஏன் கேக்கலைன்னு கேப்பாங்களே."

"கேப்பாங்க."

அவர் கருவியைக் காதில் மாட்டி, கதவைத் திறந்து இருவரையும் உள்ளே கூப்பிட்டார். பழக்கதோஷம், மன்னிப்பையும் மேடைக் குரலிலேயே கேட்டார்: "அம்மா, நீங்க தட்டினீங்க. எனக்குக் காது கேக்காது. பொருள் என்கிட்டயேதான் இருந்துச்சு. தப்பு என்னுது, மன்னிச்சிடுங்க." தாழ்வாரத்தில் பல கதவுகள் திறந்து பார்த்தன.

மேனேஜர் டையை நேராக்கிக்கொண்டார். அந்தப் பெண் கட்டிலில் கிடந்த அங்கியைப் பார்த்தாள், கொக்கியில் தொங்கிய பெல்ட்டைப் பார்த்தாள், கடைசியாக அவரைப் பார்த்தாள். பூச்சாடியைக் கீழே வைத்துவிட்டுப் போய், தள்ளுவண்டியிலிருந்து ஒரு கை சோப்பை அள்ளி வந்து அவர் பெட்டியில் போட்டாள்.

"அடுத்த தடவை வந்தா கதவைத் தட்டாம, விளக்கைப் போட்டுப் போட்டு அணைக்கிறேன் சார். துள்ளாம இருங்க."

அவர் சிரித்துவிட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே போனார்.

"அண்ணி, பெரியவர் செஞ்ச ஒரே தப்பு எது தெரியுமா?" என்றான் தொரை தாழ்வாரத்தில். "பெல்ட்டை விட்டது. தொழில் தெரிஞ்சவன் பெல்ட்டை விட மாட்டான்."

"போய்ப் பையை எடுத்துட்டு வா. கிடங்குல ஆள் காத்திருக்கு," என்றார் அண்ணி.

கிளம்பும்போது ஹாலிலிருந்து தலைமையுரை ஒலிபெருக்கியில் வந்துகொண்டிருந்தது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் மெதுவாகத்தான் பேசினார். அண்ணி சாவியை ஒப்படைத்துவிட்டுக் காருக்குப் போய்விட்டார். தொரை மட்டும் வரவேற்பு மேசையருகே நின்றான். வழக்கைத் தீர்த்தவன் நாலு வார்த்தை சொல்லாமல் போவது முறையல்ல. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மேனேஜருக்கும் அந்தப் பெண்ணுக்கும் எடுத்துரைத்தான்.

"பாருங்க, நேர்மைங்கிறது வெளியே தெரியுறதுக்காக இருக்கிறது இல்லை. யாரும் பார்க்காதப்போ ஒருத்தன் எப்படி இருக்கான், அதுதான் கணக்கு. என் கண்ணுக்கு எதுவும் தப்பாது."

மேனேஜர் கூரையைப் பார்த்தார். அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். தொரை கம்பீரமாகத் திரும்பி வாசலை நோக்கி நடந்தான்.

அவன் பையின் ஜிப்பிலிருந்து வெள்ளைப் பெல்ட் ஒன்று முழங்கால் வரை தொங்கிக்கொண்டிருந்தது.