விருப்பம் பாயும் திசை

நறுமுகை வாயிலிருந்த முருங்கைக்கீரையைத் தட்டில் துப்பினாள். "பொய் சொல்றப்பா. உனக்கே புடிக்கல."

தணிகைவேல் அப்போதுதான் "ஆஹா, என்ன ருசி!" என்று தலையாட்டியிருந்தான். நான்கு வயது மகளிடம் அந்த நடிப்பு எடுபடவில்லை. இருவருடைய மேலண்ணத்திலும் கண்ணுக்குத் தெரியாத சுவைப்படலம் ஒட்டியிருந்தது. ஒரே உணவைச் சேர்ந்து சாப்பிடும்போது பெரியவர் நாவில் எழும் விருப்பம் குழந்தையின் நாவிலும் எழும். காய்கறியைத் தொடாத பிள்ளைகளுக்காகச் செய்த கருவி அது. வெறுப்பும் அதே வழியில் போகும் என்பதைத்தான் பெற்றோர் யாரும் முதலில் யோசிக்கவில்லை.

தணிகைவேலுக்குச் சிறுவயதிலிருந்தே கீரை என்றால் குமட்டும். ஆனால் நறுமுகையின் இரத்தத்தில் இரும்புச்சத்து மிகவும் குறைந்திருந்தது. மருந்து கொடுத்தால் வாந்தியெடுத்தாள். பூங்காவில் நாலு எட்டு ஓடினாலே மூச்சு வாங்க உட்கார்ந்துவிடுவாள்.

"உங்களுக்குப் பதிலா படலத்த நான் ஒட்டிக்கவா?" என்று மனைவி அமுதவல்லி கேட்டாள்.

"வேண்டாம். என்கூடத்தான அவ சாப்பிடுறா. நானே மாறிக்கிறேன்."

சொன்னபடி தினமும் உட்கார்ந்தான். பொரியல், கூட்டு, சூப் என்று பதினெட்டு நாள் ஓடியது. அவன் முகம் சுளிக்காமல் விழுங்குவான், அவள் சுளிப்பாள்.

பத்தொன்பதாம் நாள் அவன் தோற்றுப்போன சலிப்பில், கீரைக் கொத்தை மகள் முன்னால் போட்டான். "இந்தா, நீயே உருவு." நறுமுகை ஒரு மணி நேரம் நாக்கைத் துருத்திக்கொண்டு, காம்பு காம்பாக இலையை உருவினாள். அடைமாவில் தன் கையாலேயே போட்டுக் கலக்கினாள். கல்லிலிருந்து எடுத்த முதல் அடையை அவனும் அவளும் பிய்த்துத் தின்றார்கள்.

தணிகைவேல் மெல்வதை நிறுத்திவிட்டு விழித்தான். கசக்கவில்லை. குமட்டவில்லை. இன்னொரு வாய் வேண்டும்போல் இருந்தது.

"அமுதா! எனக்குப் புடிச்சிருக்கு! நிசமாவே புடிச்சிருக்கு!"

நறுமுகை இரண்டாவது அடைக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தாள்.

ஆறு மாதத்தில் அவள் இரத்தத்தில் இரும்புச்சத்து சரியான அளவுக்கு வந்தது. பூங்காவை மூன்று சுற்று சுற்றினாள். தணிகைவேல் மின்தூக்கியில் ஏறுகிற ஒருவரையும் விடவில்லை. "பிள்ளைங்கள மாத்தணும்னா மொதல்ல நாம மாறணும் சார். முப்பத்தஞ்சு வருசப் பழக்கத்தையே நான் மாத்திக்கிட்டேன்!" பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் அவனைப் பேச அழைத்தார்கள். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

படலத்தைக் கழற்ற மருத்துவமனைக்குப் போனபோது, அங்கே கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் ரெபெக்கா, படலத்தில் இருந்த பதிவைத் திரையில் ஓடவிட்டாள். சட்டென்று புருவத்தை உயர்த்தினாள்.

"சார், பத்தொன்பதாம் நாள் என்ன பண்ணுனீங்க?"

"அன்னிக்குத்தான் நான் மாறினேன்!" என்றான் பெருமையாக.

"நீங்க மாறல சார். இது ரெண்டு பக்கமும் ஓடும். யாரோட உணர்ச்சி வலுவோ, அவங்ககிட்டேருந்து மத்தவங்களுக்குப் போகும். அதுவரைக்கும் உங்க வெறுப்பு அவளுக்குப் போயிருக்கு. அன்னிக்கு அவளோட ஆசை உங்க வெறுப்பை ஜெயிச்சிருக்கு. அப்புறம் ஆறு மாசமும் அவ விருப்பத்துலதான் நீங்க சாப்பிட்டிருக்கீங்க."

தணிகைவேல் திரையையே பார்த்தான். நாற்காலியில் காலாட்டிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தான். பதினெட்டு நாள் தன் குமட்டலைச் சுமந்த அந்தச் சின்ன நாக்கு, தானே திரும்பி நின்று ஜெயித்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிதாக நெஞ்சில் வேறொன்று பொங்கியது.

அன்று மாலை மறுபடி கீரை அடை. இருவர் வாயிலும் படலம் இல்லை. முதல் வாயிலேயே பழைய கசப்பும் பச்சை வாடையும் அவன் தொண்டையில் வந்து நின்றன.

"நல்லா இருக்காப்பா?"

இனி பொய் சொன்னால் யாருக்கும் தெரியாது.

"இல்ல கண்ணு," என்றான். "அப்பாவுக்கு இன்னும் பழகல."

நறுமுகை சிரிக்கவில்லை. தன் அடையின் ஓரத்தைக் கவனமாகப் பிய்த்து அவன் வாய்க்கருகே நீட்டினாள்.

"ஓரம் மொறுமொறுன்னு இருக்கும். இதுலேருந்து ஆரம்பிப்பா."

அவன் வாயைத் திறந்தான். அவ்வளவு பெருமையோடு அவன் எதையும் மென்றதில்லை.