கோடைக்காரர்களின் வீட்டில் ஒரு மரணம்

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 3.40.

துறைமுகத்து மீன் வெட்டும் கூடத்தில் வேலை முடித்து வீடு திரும்பிய யனினா, கதவைத் திறந்ததும் முதலில் கவனித்தது ஜன்னலைத்தான். கண்ணாடியின் உள்பக்கம் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சுவர்களும் வியர்த்திருந்தன. மூலையில் கேஸ் ஹீட்டர் மஞ்சளாக எரிந்தது. அவள் கணவன் ராமிரோ கட்டிலில் கழுத்துவரை போர்த்திப் படுத்திருந்தான். ரொட்டிக்கடையில் இரவெல்லாம் மாவு பிசைகிறவன். பகல்தான் அவன் தூங்கும் நேரம்.

"ராமிரோ, எழுந்திரு. நாலு மணி ஆகப்போகுது."

கன்னங்கள் ரோஜா நிறத்தில் இருந்தன. தோளைப் பிடித்து உலுக்கினாள். கை விறைத்திருந்தது.

3.55க்குத் தீயணைப்பு வீரர்கள் வந்து கேஸை அடைத்தார்கள். எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டார்கள். கார்பன் மோனாக்சைடு என்றார் மருத்துவர். வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூங்குகிறவனை எழுப்பாமலே கொல்லும். 4.30க்கு உடலை எடுத்துப் போனார்கள். யனினா வீட்டைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு ஆம்புலன்ஸில் ஏறினாள்.

மாலை 6.10க்கு இன்ஸ்பெக்டர் நோயெமி எச்சார் வந்தபோது கதவு திறந்தே இருந்தது. உள்ளே வீட்டுச் சொந்தக்காரர் தோன் ஆல்சிடெஸ் பிராமந்தி, ஒட்டகநிறக் கோட்டும் முகமெல்லாம் துக்கமுமாக நின்றுகொண்டிருந்தார்.

"என்கிட்டயும் ஒரு சாவி இருக்கு, இன்ஸ்பெக்டர். அஞ்சு மணிக்குச் சேதி தெரிஞ்சதும் ஓடி வந்தேன். இங்க பாருங்க அநியாயத்த."

வெளிக்காற்று வருவதற்காகச் சுவரின் கீழ்ப்பகுதியில் வைத்திருந்த கம்பிவலையைக் காட்டினார். அதன்மேல் அகலமான பழுப்பு டேப், நான்கு வரிசையாக, சுத்தமாக ஒட்டப்பட்டிருந்தது.

"குளிர்காலம் வந்தா இந்த ஜனங்க இதத்தான் பண்ணும். காத்து வருதுன்னு வலைய அடைச்சிடும். எத்தனை தடவ சொல்றது?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. கடற்கரை ஊரான மார் டெல் பிளாட்டாவில் ஜூலை மாதக் குளிர்காலக் கடல்காற்று அடிக்கும்போது பாதி வாடகை வீடுகளில் அந்த வலைக்குமேல் டேப்போ பழைய செய்தித்தாளோ இருக்கும். ஆண்டுதோறும் அதனால் யாராவது சாகிறார்கள். நோயெமி குறித்துக்கொண்டாள். தீயணைப்பு அறிக்கையில் டேப் பற்றி ஒரு வார்த்தை இல்லை என்பதையும் குறித்துக்கொண்டாள்.

"அவசரத்துல பார்த்திருக்க மாட்டாங்க" என்றார் பிராமந்தி.

புதன்கிழமை, காலை 10.00.

பன்னிரண்டு மணிக்கு அறிக்கை அரசு வழக்கறிஞரிடம் போக வேண்டும். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக யனினாவின் பெயரில் வழக்கு தயாராக இருந்தது. யனினாவையும் பிராமந்தியையும் ராமிரோவின் அண்ணன் கஸ்தோனையும் அதே அறைக்கு வரச் சொல்லியிருந்தாள் நோயெமி. யனினா வேலைக்குப் போன பூட்ஸையே இன்னும் கழற்றவில்லை. கஸ்தோன் அவளிடமிருந்து முடிந்தவரை தள்ளி, சமையல் மேடையில் சாய்ந்து நின்றான்.

"உனக்குக் குளிருதுன்னு என் தம்பியக் கொன்னுட்டியேடி" என்றான்.

"நான் ஒட்டல."

"பின்ன டேப்பு தானா வந்து ஒட்டிக்கிச்சா?"

"நான் ஒட்டல, கஸ்தோன். இன்னும் நூறு தடவ கேளு, இதையேதான் சொல்வேன்."

"பொண்ணே, ஒத்துக்கிட்டா ஜட்ஜு இரக்கப்படுவாரு" என்றார் பிராமந்தி. "மீன் நாத்தத்தோட வீட்டக் கெடுக்காதீங்கன்னுதான் நான் எப்பவும் சொல்வேன். இப்ப உயிரே போயிடுச்சு."

"தோன் ஆல்சிடெஸ், நான் கேக்கும்போது பேசுங்க" என்றாள் நோயெமி. "யனினா, எப்ப குடிவந்தீங்க?"

"மார்ச்ல. டிசம்பர்ல கோடை ஆரம்பிச்சதும் காலி பண்ணணும். லீவுக்குக் கடலப் பாக்க கோடைக்காரங்க வருவாங்கல்ல."

"ஹீட்டர் எப்பலேர்ந்து போடுறீங்க?"

"ரெண்டு வாரமா. அதுவரைக்கும் கம்பளியாலயே சமாளிச்சோம்."

"உடம்புக்கு ஏதாவது?"

"அவருக்குத் தலைவலி. மாவுத் தூசின்னு நெனச்சோம். நெருப்பு மஞ்சளா இருக்கு, நீலமா இல்ல, ஆள அனுப்புங்கன்னு இவருக்கு மெசேஜ் போட்டாரு." போனை நீட்டினாள். அனுப்பி ஒன்பது நாள் ஆகியிருந்தது. பதில் ஒரே வரி: 'ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வை, சரியாகிவிடும்.'

"கட்டிலுக்கு மேல ஏசி இருக்கே, அத ஹீட்டரா ஓட்டலாமே?"

"அது குளிர் மட்டும்தான் தரும், இன்ஸ்பெக்டர். கோடைக்காரங்களுக்கு வாங்கினது."

பிராமந்தி கோட்டுப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். "லைசென்ஸ் உள்ள கேஸ் மெக்கானிக் கையெழுத்து. ஹீட்டர் சுத்தம், புகைக்குழாய் சுத்தம். பாத்துக்கங்க."

தேதி போன ஆண்டு அக்டோபர் இரண்டு. நோயெமி காகிதத்தை மடித்துக்கொண்டு, கட்டிலுக்குமேல் இருந்த ஏசியின் அடியில் குனிந்து பார்த்தாள். பொருத்தியவன் ஒட்டிய சீட்டு இருந்தது. அதே ஆண்டு டிசம்பர் பதினொன்று.

பிறகு டேப்பின் முன்னால் மண்டியிட்டாள். சுவரெங்கும் மெல்லிய கரி படிந்திருந்தது. நேற்று வழிந்த நீர் அந்தக் கரியில் மேலிருந்து தரைவரை வெளிறிய கோடுகள் போட்டிருந்தது. அந்தக் கோடுகள் டேப்பின் மேல் விளிம்பில் மறைந்து, கீழ் விளிம்பில் மறுபடி தொடங்கின. டேப்பின்மேல் ஒரு கோடும் இல்லை. கரியும் இல்லை.

எழுந்து, பின்பக்க முற்றத்துக்குப் போனாள். இந்த ஊரின் பழைய வீடுகளைப் போலவே வெளிச்சுவர் முழுக்கக் கருங்கல்லாக இருந்தது. துளையிட அரை நாளாகும், கல் தெறிக்கும். வெள்ளை பிளாஸ்டிக் மூடி ஒன்று சுவரில் அழகாகப் பொருத்தப்பட்டிருந்தது. அதன் கீழிருந்து துணி சுற்றிய செம்புக்குழாய்கள் இறங்கி, ஏசியின் வெளிப்பெட்டிக்குள் போயின. இரண்டு நிமிடம் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

10.50.

"தோன் ஆல்சிடெஸ், நேத்து அஞ்சு மணிலேர்ந்து ஆறு பத்து வரைக்கும் இங்க தனியா இருந்தீங்க. இல்லையா?"

"துக்கத்துல உக்காந்திருந்தேன்."

"உக்காரல. டேப் ஒட்டிக்கிட்டிருந்தீங்க."

"என்ன பேசறீங்க! என் வக்கீல..."

"கூப்பிடுவீங்க. முதல்ல இத பாருங்க." கத்திமுனையால் டேப்பின் ஓரத்தைத் தூக்கி மெதுவாக உரித்தாள். அடியில், சுவரிலும் வலையின் சட்டத்திலும், நீர்க்கோடுகள் அறுபடாமல் ஓடின. "ராமிரோ சாகும்போது இந்தச் சுவர் குளிச்சிக்கிட்டிருந்துச்சு. ஈரச் சுவத்துல டேப் நிக்காது. முன்னாடியே ஒட்டியிருந்தா கரியும் தண்ணியும் டேப்புக்கு மேல இருக்கும். அடியில இருக்கு. அப்ப ஜன்னலத் திறந்து சுவர் காஞ்சதுக்கு அப்புறம் ஒட்டினது. யனினா அந்த நேரம் பிணவறை வாசல்ல நின்னுட்டிருந்தாங்க."

கஸ்தோன் சமையல் மேடையிலிருந்து நிமிர்ந்தான்.

"வலை திறந்துதான் இருந்துச்சுன்னா என் தம்பி ஏன் செத்தான்?"

"வெளிய போய்ப் பாருங்க, கஸ்தோன். ஹீட்டருக்கு ஒரு புகைக்குழாய் சுவத்தத் தாண்டிப் போகணும். ஏசிக்குச் செம்புக்குழாய் சுவத்தத் தாண்டிப் போகணும். இந்த வலைய விட்டுட்டு, கல்லுச் சுவத்துல எத்தனை ஓட்டைன்னு எண்ணிட்டு வாங்க."

அவன் போனான். திரும்பி வர நேரம் பிடித்தது. முகம் வேறாக இருந்தது.

"ஒண்ணு."

"ஒண்ணுதான். டிசம்பர்ல ஏசி மாட்டினவனுக்குக் கல்ல உடைக்க நேரம் ஆகும். புகைக்குழாய உருவிட்டு அதே ஓட்டையில செம்ப நுழைச்சான். மிச்ச இடத்த நுரை அடிச்சு அடைச்சு, வெள்ளை மூடி போட்டான். கோடைக்கு வர்றவங்க ஹீட்டர ஏன் போடப்போறாங்க? சான்றிதழ் அக்டோபர்ல வாங்கினது, அது பொய் இல்ல. அதுக்கப்புறம் இந்த ஹீட்டருக்கு மூக்கே இல்ல. ரெண்டு வாரமா புகை எல்லாம் ரூமுக்குள்ளதான். வலை வழியா வர்ற காத்து அதுக்குப் பத்தாது."

"அது ஏசி மாட்டினவன் செஞ்சது! எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியலன்னா நேத்து இந்த டேப்ப எதுக்கு ஒட்டினீங்க?"

யனினா பிராமந்தியின் எதிரே வந்து நின்றாள். கத்தவில்லை.

"ஜன்னலத் திறந்து வைன்னு சொன்னீங்க. என்னன்னு தெரிஞ்சுதான் சொன்னீங்க. ஒரு ஓட்டை, தோன் ஆல்சிடெஸ். ஒரே ஒரு ஓட்டை இன்னும் போட்டிருக்கலாமே. அவர் செத்தப்புறம் என் தலையிலயும் கட்டப் பாத்தீங்களே. நீயெல்லாம் மனுஷனா?"

"அந்த ஆளு உங்களுக்கு மொத்தம் எத்தனை வீட்டுல ஏசி மாட்டினான்?" என்றாள் நோயெமி.

"வக்கீல் வராம..."

நோயெமி மேசைமேல் ஓங்கி அறைந்தாள். "எத்தனை?"

"ஒம்பது." அவர் தரையைப் பார்த்தார். "இப்ப ஆள் இருக்கறது நாலுலதான்."

'தான்' என்ற அந்தச் சொல் அறையில் இருந்த எல்லோர் காதிலும் விழுந்தது. நோயெமி போனில் தீயணைப்பு நிலையத்தைப் பிடித்து, அவர் முனகிய முகவரிகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். வண்டி வர இருபது நிமிடம் என்றார்கள். கடைசி முகவரி அதே தெருவில், இரண்டு கட்டடம் தள்ளி இருந்தது.

யனினா அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டாள். கஸ்தோன் பின்னாலேயே ஓடினான். பாதி வழியில் அவளை முந்திப்போய், அந்தக் கதவை முஷ்டியால் இடித்தான். பிறகு அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினான்.

11.15.

கதவைத் திறந்தவள் ஓர் இளம்பெண். இடுப்பில் குழந்தை. உள்ளிருந்து கதகதவென்று சூடு வந்து முகத்தில் அடித்தது.

"யாரு நீங்க? என்ன வேணும்?"

யனினா அவளைத் தாண்டி நேராக உள்ளே போனாள். மூலையில் எரிந்துகொண்டிருந்த ஹீட்டரின் குமிழைத் திருகி அணைத்தாள். முதல் ஜன்னல், இரண்டாவது, சமையலறை ஜன்னல் என்று ஒவ்வொன்றாகத் தள்ளித் திறந்தாள். கடல்காற்று திரைச்சீலைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே புகுந்தது. குழந்தை அழ ஆரம்பித்தது.

"பைத்தியமா உங்களுக்கு?" அந்தப் பெண் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு கத்தினாள். "கொழந்தைக்குக் குளிருது!"

"குளிரட்டும்" என்றாள் யனினா.