எழுந்திருக்காத ஆள்

"ஐயோ... நம்ம மேனேஜர் சுகிஹாராவை யாரோ கழுத்தை நெரிச்சுக் கொன்னுட்டாங்களாம்!"

கவுன்ட்டர் பெண்ணின் அலறலில் அந்த ஸ்லாட் மெஷின் சூதாட்ட ஹாலே ஒரு நொடி திரும்பிப் பார்த்தது.

அவ்வளவுதான்! மறுபடி மெஷின்கள் அலற ஆரம்பித்துவிட்டன. ஒசாகாவில் எவன் செத்தால் யாருக்கென்ன?

காஜிதானி மட்டும் திரும்பவே இல்லை.

நெரித்ததே அவன்தான்!

நெரிப்பதற்கு முன் ஒரே ஒரு எண்ணைக் கறந்திருந்தான். இன்றைக்குக் காசு கொட்டப்போகும் மெஷின்... 117!

காலையில் கதவு திறந்ததும் ஓடிவந்து உட்கார்ந்தவன்தான். லீவரைத் தட்டினான். மூன்று பட்டன்களையும் அழுத்தி ரீல்களை நிறுத்தினான். செர்ரிப் படம்... மணிப் படம்... ஏழு.

பொருந்தவில்லை. மறுபடி... மறுபடி...

மதியம் மணி இரண்டு.

"என்ன தம்பி, சீட்டுல பசை தடவியிருக்கா?"

பக்கத்து மெஷின் அம்மாள். ஹிரோசே என்று காலையிலேயே பேர் சொல்லியிருந்தாள். வாய் ஓயவே இல்லை.

"சும்மா இருங்கக்கா!"

"மெஷினுக்கு மெஷின் ஒண்ணுல இருந்து ஆறு வரைக்கும் செட்டிங். ஒண்ணு உறிஞ்சும், ஆறு கொட்டும். எதுல எதுன்னு வெச்ச மேனேஜருக்குத்தான் தெரியும். நமக்குத் தெரியாதில்ல? அதான் ஆயிரம் சுத்துல வழிக்கு வரலைன்னா தலை முழுகிட்டு வேற மெஷின் பாக்கறோம். நீ நாலாயிரம் சுத்திட்டே!"

"கொட்டும்! கண்டிப்பா கொட்டும்!"

"அது எப்படி அவ்வளவு உறுதியா தெரியும்?"

காஜிதானி லீவரை மறுபடி தட்டினான்.

"ஒரு... ஒரு நம்பிக்கைதான்க்கா..."

ஹிரோசே கையைத் தட்டி ஹால் ஊழியரைக் கூப்பிட்டாள். "117-ஐத் திறங்க."

"ஏய், நீ யாரு அதைத் திறக்கச் சொல்ல?"

அவள் பையிலிருந்து போலீஸ் அடையாள அட்டை வெளியே வந்தது!

"இன்ஸ்பெக்டர். பொணம் காலைல ஆறு மணிக்கே கிடைச்சுது தம்பி, வெளியில சொல்லாம வெச்சிருந்தோம். செட்டிங்குக்காகத்தான் கொலைன்னா, கொன்னவன் தோத்தாலும் எழுந்திருக்க மாட்டான். கதவு திறந்ததும் யோசிக்காம நேரா ஒரே மெஷினுக்கு ஓடினவன் நீ, அதான் உன் பக்கத்துல வந்து உக்காந்தேன்."

மெஷினின் கதவு திறந்தது. சாவி திரும்பியது. உள்ளே சின்னதாய் ஒரு சிவப்பு எண்.

1.

காஜிதானி துள்ளி எழுந்தான்.

"பொய்! ஆறுன்னு சொன்னான்! கழுத்துல கை வெச்சப்போகூட ஆறுன்னுதான்யா சொன்னான்! சாகறப்போ எவனாவது பொய் சொல்லுவானா?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

ஹிரோசே நிதானமாக விலங்கை மாட்டினாள்.

"உயிரோட இருந்தப்பவே ஒரு நாளும் ஆறு வெக்காத மனுஷன்டா... சாகறப்பவா வெப்பாரு?"