அறைக்குள் சேர்ந்த நேரம்

"சரியான மணி எதுங்க? உங்க மேஜைக் கடிகாரம் காட்டுறதா, படுக்கையறைக் கடிகாரம் காட்டுறதா?"

"சரியான மணின்னு தனியா ஒண்ணு கிடையாது. மலை உச்சியில ஒரு மாதிரி ஓடும், அடிவாரத்துல ஒரு மாதிரி ஓடும். அந்தந்த இடத்துக்கு அந்தந்த நேரம்."

"அப்போ எனக்குத் தராம மிச்சம் பிடிக்கிறீங்களே, அந்த நேரமெல்லாம் எங்க போகுது?"

"எதுவும் காணாமப் போகாது. இங்க குறைஞ்சா வேற எங்கயாவது கூடியிருக்கும்."

"நல்லாவே சமாளிக்கிறீங்க" என்று சிரித்தாள் மனைவி. பிறகு ஏதோ கேட்க வாயெடுத்தவள், கடிகாரம் பழுதுபார்க்க அவன் கண்ணில் பொருத்தியிருந்த பூதக்கண்ணாடியைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். கல்யாணமான பன்னிரண்டு வருஷமாக அந்தக் கேள்வி அவள் உதட்டோடு நின்றுவிடுகிறது.

அது போன வாரம். இன்று பிற்பகல், கூடத்து மேஜையில் அவன் ஒரு கைக்கடிகாரத்தின் மயிரிழை போன்ற மெல்லிய சுருள்வில்லை உட்கார வைத்துக்கொண்டிருந்தபோது, காற்றில் படுக்கையறைக் கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

"என்னங்க, உள்பக்கம் கைப்பிடியே இல்லையே. வந்து திறங்க."

கைப்பிடி உடைந்து ஒரு மாதம். அவன்தான் மாட்டித் தருவதாகச் சொல்லியிருந்தான்.

"ரெண்டே நிமிஷம்மா."

வில் உட்கார்ந்தது. அவன் நிமிர்ந்தபோதுதான் காதில் உறைத்தது: படுக்கையறைச் சுவர்க்கடிகாரத்தின் டிக் டிக் ஓசை நெருங்கி நெருங்கி, இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கொண்டு, கதவுக்குப் பின்னால் ஒற்றைக் கொசுவின் ரீங்காரம்போல மெலிந்து இழுபட்டுக்கொண்டிருந்தது. கூடவே வருஷக்கணக்காகத் திறக்காத பெட்டியின் புழுங்கல் வாசனை.

கதவிடுக்கின் வழியே ஒரு முடி வெளியே வந்து கிடந்தது. நீளமான, கறுப்பு முடி.

உடனே திறந்திருக்கலாம். ஆனால் பழுதைக் காதால் கேட்காமல் எதையும் திறந்து பழக்கமில்லாதவன் அவன். ஒலிவாங்கியைக் கதவில் ஒட்டினான். மேஜைக்குத் திரும்பி உட்கார்ந்து, கடிகாரத் துடிப்பைப் பதிவுசெய்து மெதுவாக்கிக் கேட்க உதவும் இயந்திரத்தை ஓடவிட்டான்.

டிக். டிக். நடுவே நகம் மரத்தைப் பிராண்டும் சத்தம். பிறகு அவள் குரல்.

"என்னங்க... ராத்திரி ஆயிடுச்சுங்க..."

கூடத்தில் வெயில் அப்படியே இருந்தது. பதிவைச் சற்று முன்னே தள்ளினான்.

"...எத்தனை வருஷம்னு எண்ணுறதை விட்டுட்டேன்..."

குரல் தடித்திருந்தது. கீழே இன்னொரு முடி. நரைத்தது.

அவன் மிச்சம் பிடித்ததெல்லாம். பன்னிரண்டு வருஷத்து ரெண்டு ரெண்டு நிமிஷமும். எதுவும் காணாமல் போகவில்லை. எல்லாம் உள்ளே.

கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த இந்த நேரமும்.

மூன்றாவது முடி. வெள்ளை.

எழுந்தான். நாற்காலி விழுந்தது. நான்கு எட்டுதான். கைப்பிடி. திறந்தான்.

ரீங்காரம் நின்றது.

கதவின் உட்புறம் நகம் தோண்டித் தோண்டிப் பள்ளமாகியிருந்தது. ஜன்னலோரம் இரண்டு நாற்காலிகள், ஒன்றையொன்று ஒட்டி. ஒன்றில் உலர்ந்து ஒடுங்கிய ஓர் உடல், மடியில் வெள்ளை முடி. அதன் எலும்புக் கை பக்கத்து நாற்காலியின் காலியான இருக்கைமீது இருந்தது. அந்த இடம் மட்டும் தூசியில்லாமல் துடைத்து வைக்கப்பட்டிருந்தது.

அவனுக்குப் பின்னால், மேஜையில், இயந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தேய்ந்துபோன ஒரு கிழவியின் குரல், வெட்கத்தோடு:

"ரெண்டு நிமிஷம்... என் பக்கத்துல வந்து உட்காருங்களேன்."