பச்சை விளக்கு எரியாத காலை

காலை ஏழு மணிக்கு மின்பங்கு வந்தது. வீட்டுக்கு இவ்வளவுதான் என்று மின்சாரத்தை அளந்து விடுகிற காலம். பியூலா முதலில் கணவரின் காதுக்குப் பின்னால் பதித்திருந்த நினைவுச் சில்லுக்கு மின்னேற்றினாள், பிறகுதான் அடுப்பு. கஞ்சியை ஆற்றி முதல் வாய் ஊட்டினாள். சில்லின் பச்சை விளக்கு எரியவில்லை. நினைவை எழுதும்போது மட்டும் எரியும் விளக்கு அது.

“என்னைய ஏன்ட்டி அடிச்ச?” என்றார் செல்வின்.

“அது நடந்து ரெண்டு வருசமாச்சுங்க. கஞ்சியத் துப்பினீங்கன்னு ஒரே ஒரு நாள். வாயத் தொறங்க.”

“நேத்துதான அடிச்ச?”

அவள் அடுத்த வாயை ஊட்டினாள். இதே பேச்சுத்தான் தினமும்.

நினைவு தப்பியவர்களுக்குப் பொருத்திய சில்லுகள் ஒரு காலத்தில் மத்தியானமே அணைந்துபோகும். அதற்காக, நடப்பதை நினைவாக எழுதும் குறியாக்கிச் சுற்றைச் சிக்கனமாக வடிவமைத்தவள் பியூலாதான். சாப்பாடு, குளியல், துணி மாற்றுதல் எல்லாவற்றுக்கும் ஆள்முகம் இல்லாத பொது மாதிரிகளைத் தொழிற்சாலையிலேயே ஏற்றிவிடுவார்கள். நடப்பது மாதிரியோடு பொருந்தினால் குறியாக்கி எதையும் எழுதாது, மின்சாரமும் செலவாகாது. சேலை மாறுவது, பாட்டுப் பாடுவது போன்ற சின்ன வித்தியாசங்களையும் தள்ளிவிடும்படி எல்லை வைத்தவளும் அவளே. செலவு பாதியானது. கைதட்டினார்கள். பிறகு செல்வினுக்கே அது தேவைப்பட்டது.

மூன்று வருட ஊட்டல் மாதிரியோடு பொருந்தியது. அந்த ஓர் அடி பொருந்தவில்லை; அது மட்டும் பதிந்தது.

செல்வின் அடி வாங்குவதாகப் புகார் போயிருந்ததால், ஒன்பது மணிக்குப் பராமரிப்புத் துறை அதிகாரி வந்தாள். செல்வின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“ஐயா, உங்களுக்கு யாரு சோறு ஊட்டுறா?”

“யாருமில்ல. அது பாட்டுக்கு வாய்க்கு வரும்.”

“அடிக்கிறது யாரு?”

“இந்தா நிக்காளே, எம் பொண்டாட்டி.”

அதிகாரி எழுந்தாள். “காப்பகத்து வண்டி கீழ நிக்குதும்மா.”

“அவரு சொல்றது ஒரு நாள் கதை. மிச்ச நாளெல்லாம் எழுதவே இல்ல, மேடம். பழைய குறியாக்கி ஒண்ணு போட்டுப் பாருங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள்.”

“பழசு இப்ப எங்க இருக்கு? சட்டப்படி சில்லுதான் சாட்சி. சில்லு பொய் சொல்லாதுன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?”

“பொய் சொல்லல. மிச்சத்தச் சொல்லல.”

இரண்டு பேர் அவரைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டு போனார்கள். படியில் திரும்பியபோது அவர் காதுக்குப் பின்னால் பச்சை எரிவதைக் கண்டாள். இது எழுதப்படுகிறது. ஆறிப்போன கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடினாள்.

வண்டிக் கதவைத் தோளால் தடுத்துக்கொண்டு, கிண்ணத்திலிருந்து ஒரு வாய் எடுத்து நீட்டினாள். நட்டநடுத் தெரு, ஓடத் துடிக்கும் வண்டி, அழுகிற முகம். எந்த மாதிரியிலும் இல்லாத ஊட்டல். விளக்கு அணையாமல் எரிந்தது.

செல்வின் மென்று விழுங்கினார். அவளை உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“ஏட்டி, எனக்கு ஊட்டணும்னு இன்னைக்குத்தான் உனக்குத் தோணிச்சா?”

கதவைச் சாத்தினார்கள்.