ரொட்டி வேனில் மூன்று நாள்

“அண்ணாச்சி, பிள்ளை யாரோடது?”

தூத்துக்குடித் துறைமுக வாசலில் நின்ற காவல்காரர் லத்தியைத் தரையில் தட்டிக்கொண்டே கேட்டார். இப்ராஹீமின் கைகளில் மூன்று வயது மீரான் கையையும் காலையும் உதறி அலறிக்கொண்டிருந்தான்.

“என் மவன்தான்” என்றார் இப்ராஹீம்.

“இல்லே!” என்று கத்தினான் மீரான். “எங்க வாப்பா வீட்ல போட்டோல இருக்காங்க!”

காவல்காரரின் முகம் மாறியது. நல்லவேளை, பத்து வயது சக்கீனா ஓடி வந்தாள். “எங்க வாப்பாதான்! துபாய்ல இருந்து போன வாரம்தான் வந்தாங்க. தம்பி பொறக்குறதுக்கு முன்னாலயே போயிட்டாங்க. அதான் அவனுக்குத் தெரியலை.”

காவல்காரர் சிரித்துவிட்டார். வாப்பா சிரிக்கவில்லை. கப்பலைக் காட்டத்தான் மீரானைத் தூக்கினார். இப்போது மெதுவாக இறக்கிவிட்டார். அவன் ஓடிப்போய் உம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டான்.

அது 1977, மே மாத விடுமுறை. வாப்பாவுக்கு இரண்டு மாத லீவு. சொந்த ஊரான காயல்பட்டினத்துக்கு வந்ததும் முதல் வேலையாக, ரொட்டி விற்ற பழைய வேன் ஒன்றை வாங்கினார். உள்ளே பலகைக் கட்டில் அடித்தார். ஸ்டவ் வைத்தார், தண்ணீர்க் கேன் கட்டினார். உம்மா ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை தைத்தாள். கடலோரமாகவே ராமேஸ்வரம் வரை போய் வருவது, மொத்தம் பத்து நாள் என்று திட்டம். வெயில் ஏறினால் வேனுக்குள் இன்னமும் ரொட்டி வாசம் வந்தது. எல்லாருக்கும் பசித்தது.

இரண்டாம் நாள் வேம்பாருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வழியெல்லாம் வாப்பா மீரானைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். சாவி கொடுத்தால் ஓடும் கார் பொம்மையை நீட்டினார். மீரான் காரைப் பிடுங்கிக்கொண்டான், அவரிடம் மட்டும் ஒட்டவில்லை.

சாயங்காலம் வாப்பா கடற்கரையில் தனியாக உட்கார்ந்து தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். சக்கீனா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“வாப்பா, ஒண்ணு சொல்லவா? அவனைக் கூப்பிடாதீங்க.”

“கூப்பிடாம எப்படிம்மா வருவான்?”

“நம்ம வீட்டுப் பூனையும் கூப்பிட்டா வராது. நாம பாட்டுக்குச் சும்மா இருந்தா, அதுவா வந்து மடியில ஏறிக்கிடும்.”

“எத்தனை நாளைக்குச் சும்மா இருக்கணும்?”

“தெரியலை. நமக்குத்தான் இன்னும் எட்டு நாள் கிடக்கே!”

மறுநாள் காலை வாப்பா மீரானுக்கு முதுகைக் காட்டி மணலில் உட்கார்ந்தார். கரையில் ஒதுங்கிக் கிடந்த சிப்பிகளைச் சக்கீனா பொறுக்கிப் பொறுக்கிக் கொடுத்தாள்.

“இதுல முத்து இருக்கா, பாருங்க!” என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினாள்.

“ம்ஹூம், இல்லையே.”

மீரான் எட்டிப் பார்த்தான். நாலடி வந்தான், நின்றான். மறுபடி நாலடி வந்தான். வாப்பா திரும்பவே இல்லை. கடைசியில் ஒரு சின்னக் கை வாப்பாவின் தோளுக்கு மேலாக ஓர் உடைந்த சிப்பியை நீட்டியது.

“இதுல பாரு.”

வாப்பா அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். “இதுலயும் இல்லையே. இன்னொண்ணு கொண்டு வாரியா?”

ஓடினான். கொண்டு வந்தான். முத்து கிடைக்கவே இல்லை. மதியம் மீரான் வாப்பாவின் மடியில் உட்கார்ந்து, அவர் ஊட்டிய மீன்சோற்றைத் தின்றான். சக்கீனாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போதுதான் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. உம்மாவின் தம்பி வாவு மாமா இறங்கி வந்தார்.

“பூத்திரை போட்ட ரொட்டி வேனைப் பார்த்தீங்களான்னு ஊர் ஊராக் கேட்டுக்கிட்டே வாரேன் மச்சான்” என்றவர், ஒரு தந்தியை நீட்டினார். “கம்பெனில உடனே வரச் சொல்லுதான். லேட்டானா வேலை கிடையாதாம். உங்க பெட்டி, பாஸ்போர்ட்டு எல்லாம் கார்லயே கொண்டாந்துட்டேன்.”

வாப்பா அதை இரண்டு முறை படித்தார். உம்மா ஸ்டவ்வை அணைத்தாள்.

“ரெண்டு மாசம்னாங்களே!” என்று சக்கீனா கத்தினாள். “இன்னும் ஏழு நாள் இருக்குல்ல வாப்பா, நமக்கு?”

வாப்பா தந்தியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

அன்று சாயங்காலமே தூத்துக்குடி ஸ்டேஷனில் மெட்ராஸ் ரயில் நின்றது. மீரான் வாப்பாவின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மாமா அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. ரயில் போன பிறகும் அவன் தண்டவாளத்தைப் பார்த்துத் தேம்பினான்.

“நான் சும்மா இருந்திருக்கலாம் உம்மா” என்றாள் சக்கீனா. “அவன் பாட்டுக்கு வாப்பாவைத் தெரியாமலே இருந்திருப்பான். இப்போ அழ வச்சுட்டேன்.”

உம்மா அவள் தலையைத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள்.

ஊருக்குத் திரும்ப மாமாதான் வேனை ஓட்ட வேண்டும். வெளியே வந்து கதவைத் திறந்தால், மீரான் முந்திக்கொண்டு ஏறி ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்துகொண்டான்.

“ஏலே, இறங்கு. மாமா ஓட்டணும்.”

“மாட்டேன். இது வாப்பா உக்காருற இடம்.”

மாமா உம்மாவைப் பார்த்தார். உம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“கொஞ்ச நேரம் இருக்கட்டும் மாமா” என்றாள் சக்கீனா.

மாமா சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்தார். சக்கீனா கண்களைத் துடைத்துக்கொண்டு, ஏறித் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.